கடல் கடந்து போன சொந்தம்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

குடியாத்தத்தான்:
தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்தவரை ஊருக்குள் கூட்டிப் போனது நான்தான். கையில் அவருடைய கொள்ளுத்தாத்தாவின் பதிவு நகல். டர்பன் இருக்கிற பகுதிதான் நேட்டால். அந்தக் காலத்தில் அங்கே ஒப்பந்தக் கூலியாகக் கப்பல் ஏறியவர்களை ஒவ்வொருவராகப் பதிந்து வைத்திருக்கிறார்கள். ஜில்லா, ஊர், தகப்பன் பெயர், சாதி, உடம்பில் இருக்கும் தழும்பு வரை எழுதியிருப்பார்கள். தமிழ் அவருக்கு அம்மா, தாத்தா, மாரியம்மாவோடு சரி. வருஷா வருஷம் புனித வெள்ளிக்கு டர்பன் பக்கத்து இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போய்விடுவாராம்.

திண்ணையில் இருந்த பாட்டி தகப்பன் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அட, இது எங்க வூட்டு..." என்று ஆரம்பித்தாள். உள்ளேயிருந்து மகன் வந்தான். "இன்னாத்துக்கு வந்துகீறாரு? நெலத்துல பங்கு கேக்கவா? போனவன் ஒரு கடுதாசி போட்டானா, இப்ப இன்னா ஒறவு?" பாட்டி வாயை மூடியவள்தான். அப்புறம் எப்படிக் கேட்டும் "தெர்லபா". என்ன சொன்னாள் என்று அவர் என்னைக் கேட்டார். வயசாகிவிட்டது, ஞாபகம் இல்லையாம் என்று சொல்லி வைத்தேன்.

வாலாஜா ரோடு:
கடுதாசி போட்டானா என்று கேட்கிற அந்த மகனை நான் பார்க்க வேண்டும். ஐந்து வருஷ ஒப்பந்தம். ஆரம்பத்தில் போனவர்கள் இலவசமாக ஊர் திரும்ப வேண்டுமானால் பத்து வருஷம் அங்கே கிடக்க வேண்டும். 1895 சட்டத்துக்குப் பிறகு போனவர்கள், ஒப்பந்தம் முடிந்து ஊருக்கும் வராமல் மறு ஒப்பந்தமும் போடாமல் இருந்தால், வருஷத்துக்கு 3 பவுண்டு வரி. 1914-ல்தான் அதை எடுத்தார்கள். இதில் எழுதப் படிக்கத் தெரியாதவன் யார் காலைப் பிடித்துக் கடுதாசி எழுதுவான்? வந்தாலும் இங்கே படிக்க ஆள்? எங்கள் பாட்டனாரின் அண்ணன் ஃபிஜிக்குப் போனார், ஒரு தகவலும் இல்லை. என் கதை அவ்வளவுதான்.

தேடுகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பதிவில் 'வட ஆற்காடு' என்று பார்த்ததும் வேலூருக்கு பஸ் ஏறிவிடாதீர்கள். 1911 வரை ஜில்லா தலைமையிடமே சித்தூர்தான். அந்த வருஷம் சித்தூர் தனி ஜில்லா ஆனது, ஆகவே நீங்கள் தேடும் ஊர் இன்றைக்கு ஆந்திராவில் இருக்கலாம். திருப்பத்தூர்க்காரர் என்றால் சேலம் ஜில்லா என்று பதிந்திருப்பார்கள், அதுவும் 1911-ல்தான் வட ஆற்காட்டுக்கு வந்தது. பிறகு 1989-ல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. அதனால் முதலில் தாலுகாவைப் பிடியுங்கள். ஊர்ப் பெயரைக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பிடிபடும். குலதெய்வம் எது என்று விசாரியுங்கள். முக்கியமாக, ஊருக்குள் நுழைந்ததும் நிலம் நீச்சு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். அதைத்தான் அங்கே செய்யவில்லை போலிருக்கிறது.

ஆரணிக்காரி:
கடுதாசி வந்த கதை எங்கள் வீட்டில். தாத்தா மலேயாவில் ரப்பர் தோட்டம். 1942-ல் ஜப்பான்காரன் வந்ததும் தபால் நின்றது, யுத்தம் முடிந்து மறுபடி வந்தது. பாட்டிக்கு போஸ்ட்மேன்தான் படித்துக் காட்டுவார். பசு கன்று போட்டதா, மூத்தவளுக்குக் காது குத்தியாச்சா என்று ஒன்று விடாமல் விசாரிப்பு. தாத்தா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் பள்ளிக்கூடம் போகும் வயதில் மலேசியாவின் கிள்ளானிலிருந்து ஒரு அம்மா வந்தார். தாத்தாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம், அதில் பிறந்தவர். எனக்கு அத்தை முறை. வீட்டில் யாரும் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாட்டி மட்டும் தகரப் பெட்டியைத் திறந்து கடுதாசிக் கட்டை அவர் முன்னால் போட்டாள். "உங்கப்பன் என்னை மறக்கலடி, பார்." அத்தை மேலே இருந்ததைப் பிரித்தார். "இது எங்கம்மா எழுத்து" என்றார். தாத்தாவுக்குப் பால் வெட்டுகிற கத்தி பிடிக்கத் தெரியும், பேனா பிடிக்கத் தெரியாதாம்.

அப்படியானால் காது குத்தியாச்சா என்று கேட்டது தாத்தாவா, அந்த அம்மாவா? எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. பாட்டி கொஞ்ச நேரம் கழித்து, "அவ பேரு இன்னா?" என்று மட்டும் கேட்டாள்.

வாலாஜா ரோடு:
அம்மா, உங்கள் தாத்தா கங்காணி மூலம், அதாவது தோட்டத்துக்கு ஊரில் ஆள் சேர்த்துக் கூட்டிப் போகிற மேஸ்திரி மூலம், போனவராக இருப்பார். நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் கப்பல் ஓடிக்கொண்டே இருந்தது, நினைத்தால் வந்து போகலாம். அதை நேட்டாலோடு ஒப்பிடக் கூடாது.

ஆரணிக்காரி:
நான் எதையும் ஒப்பிடவில்லை சார். எங்கள் வீட்டில் நடந்ததைச் சொன்னேன். நினைத்தால் வரலாம் என்றால் அவர் ஏன் வரவில்லை என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

குடியாத்தத்தான்:
வாலாஜா ரோடு சார், டர்பன்காரர் பதிவில் குடியாத்தம் தாலுகா என்று தெளிவாக இருக்கிறது, சித்தூர் சிக்கல் இல்லை. நிலம் வேண்டாம் என்பதை எழுதியே தருகிறேன் என்கிறார். அதைப் போய்ச் சொன்னால் பாட்டியின் மகன், "எழுதித் தர்றேன்னா பின்னாடி வக்கீல் வச்சிகீறான்" என்று ஊர் முழுக்கப் பரப்பிவிட்டான். ஆடி மாசம் மறுபடி வருகிறார். ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த பெரியவர் யாராவது கூட வந்தால் நல்லது.