மறு: 'வெப்பச் சுழற்சி' வேண்டாம், 'காய்ந்தாறல்' என்று வைப்போம்

பந்தய டயர் பற்றிய தமிழ்ச் சொற்களை விக்சனரி என்ற இணைய அகராதியில் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கும் நம் குழுவினருக்கு வணக்கம்.

> டயர் சூடேறி ஆறுவதற்கு 'வெப்பச் சுழற்சி' என்று ஏற்கெனவே இருக்கிறதே, புதுச் சொல் எதற்கு?

ஐயா, அது இயற்பியல் பாடத்துக்குச் சரி. கோயமுத்தூர் பக்கத்துச் செட்டிப்பாளையம் பந்தயத் தடத்தில் டிராக் டே (சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டும் நாள்) முடிந்து வண்டிக்குப் பக்கத்தில் நிற்கிறவர் வாயில் அது வராது. "இந்த டயர் எத்தனை வெப்பச் சுழற்சி ஆச்சு?" என்று யார் கேட்பார்? எண்ணிச் சொல்லத் தோதான சொல்தான் நமக்கு வேண்டும். செமி ஸ்லிக் டயரின் (தடத்துக்கென்றே பள்ளம் குறைத்துச் செய்த, பிடிப்பு மிகுந்த டயர்) ஆயுளை நிர்ணயிப்பதில் ஓடிய கிலோமீட்டரைப் போலவே இந்த எண்ணிக்கைக்கும் பங்கு உண்டு.

நடப்பது இதுதான். தடத்தில் 15, 20 நிமிடம் விரட்டிவிட்டு வந்து நிறுத்தினால் ரப்பர் மேல்பரப்பு பிசுபிசுவென்று இருக்கும். மெதுவாக உருட்டினாலே பொடிக்கல்லைப் பொறுக்கிக்கொண்டு மட்கார்டுக்குள் சடசடவென்று அடிக்கும். ஆறியபின் தொட்டால் பழையபடிதான் தெரியும், ஆனால் உள்ளுக்குள் ஒரு சுற்று இறுகியிருக்கும். இப்படிப் பல தடவை ஆனால், பட்டன் (டயர் மேல்பரப்பில் பள்ளங்களுக்கு இடையே இருக்கும் ரப்பர் கட்டை) பாதி மிச்சம் இருக்கும்போதே பிடிப்பு போய்விடும். பலகாரம் சுட்ட எண்ணெயை ஆறவைத்து மறுபடி காயவைத்தால் என்ன ஆகும் என்று நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அந்த அறிவு அப்படியே இங்கே உதவுகிறது.

எண்ணெய் காய்கிறது, தோசைக்கல் காய்கிறது, அப்புறம் ஆறுகிறது. காய்ந்து ஆறுவது காய்ந்தாறல். 'நாலு காய்ந்தாறல் ஆன டயர்' என்று எண்ணோடு சேர்த்தாலும் தடுக்காமல் வருகிறது. 'சூடாறல்' என்று முன்பு ஒருவர் சொன்னதில் ஆறுவது மட்டும்தான் காதில் விழுகிறது, ஏறுவது விழவில்லை. நெல் வயலைக் காயவிட்டு மறுபடி தண்ணீர் கட்டுவதைக் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று வேளாண்துறையே சொல்கிறது. இரண்டு வினையைச் சேர்த்து ஒரு முறையைக் குறிப்பது நமக்குப் புதிதில்லை.

> 'காய்ந்த டயர்' என்றால் வெயிலில் கிடந்து வெடிப்பு விட்ட டயர் என்று நினைப்பார்கள்.

நினைக்கட்டும் தம்பி. இரண்டிலும் ரப்பர் இறுகத்தான் செய்கிறது. குழப்பம் வருவது செமி ஸ்லிக்குக்கு 'ஒட்டு டயர்' என்ற உங்கள் சொல்லில்தான். பஞ்சர் கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள், "எங்கே ஒட்டியிருக்கு?" என்று டயரைப் புரட்டுவார். பள்ளமே இல்லாத ஸ்லிக் டயருக்கு 'வழுக்கு டயர்' என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும். அதன் வேலையே வழுக்காமல் இருப்பது!

சொல்லுக்கு வரையறையும் வேண்டும். டயர் கை பொறுக்காத சூட்டுக்கு ஏறி, முழுக்க ஆறினால் ஒரு காய்ந்தாறல். வெறும் வெதுவெதுப்பு கணக்கில் வராது. இந்த வரையறை இல்லாததால்தான் போன வாரம் நம் விவாதம் சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் நின்றது. ஊட்டியிலிருந்து தடத்துக்குச் செமி ஸ்லிக்கைப் போட்டுக்கொண்டே இறங்குவதா, வண்டிக்குள் ஏற்றிக்கொண்டு போய்த் தடத்தில் மாட்டுவதா என்ற கேள்வியில், "மலை இறங்குவதிலேயே டயர் சூட்டில் வீணாகிவிடும்" என்று சிலர் எழுதினீர்கள். நான் இறங்கிய பிறகு தொட்டுப் பார்த்திருக்கிறேன். நிதானமாக இறங்கினால் மேட்டுப்பாளையத்தில் வெதுவெதுப்புதான். ஆகவே அது காய்ந்தாறல் ஆகாது. பட்டன் கொஞ்சம் தேயும், அவ்வளவே.

ஆனாலும் நான் ஏற்றிக்கொண்டு போகிற கட்சிதான். காரணம் வேறு. ஒரு நவம்பர் காலையில் போட்டுக்கொண்டு இறங்கினேன். பர்லியாறுக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில் ரோட்டின் குறுக்கே மழைத்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இருபது கிலோமீட்டர் வேகம்கூட இருக்காது. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே போனது. எதிரே பஸ் வராததால் பிழைத்தேன். செமி ஸ்லிக்கில் புதிதிலேயே பள்ளம் குறைவு, தண்ணீர் விலக வழியில்லை. அதோடு ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்துக் குளிரில் அந்த ரப்பர் விறைத்துத்தான் கிடக்கும். தடத்தில் டயர் கிழிந்தால் திரும்பி மலையேற வேறு டயரும் இருக்காது. கோயமுத்தூரிலேயே இருப்பவர்கள் வெயில் நாளில் போட்டுக்கொண்டு வரட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை.

போட்டுக்கொண்டுதான் வருவேன் என்பவர்கள் காற்றை மட்டும் கவனியுங்கள். ஊட்டியில் 12 டிகிரியில் 32 பவுண்டு வைத்தால், 32 டிகிரி வெயிலில் செட்டிப்பாளையத்திலும் ஏறக்குறைய அதே 32தான் காட்டும். சூட்டில் ஏறுகிற அளவை, கீழே டயருக்கு வெளியே கூடுதலாக இருக்கும் காற்றழுத்தம் ஈடுகட்டிவிடுகிறது. தடத்தில் ஓடியதும் 37 வரை போகும், எல்லோரும் இறக்கிவிடுவோம். சூட்டோடு 32க்கு இறக்கியதை அப்படியே விட்டு ராத்திரி ஊட்டிக்கு வந்தால் 27, 28தான் இருக்கும். மேட்டுப்பாளையத்தில் நிறுத்திக் காற்று அடித்துவிட்டு ஏறுங்கள்.

இந்த இரண்டு வழிக்கும் 'போட்டு இறங்கல்', 'ஏற்றி இறங்கல்' என்று எழுதினால் மலைக்காரர்களுக்குப் போதும். சமவெளியில் 'இறங்கல்' ஒட்டாது என்பது தெரியும், அங்குள்ளவர்கள் ஒன்று சொல்லுங்கள்.

தடத்துக்கென்று வைத்திருக்கும் என் சக்கரம் நான்கின் உள்பக்கத்திலும் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஒரு காய்ந்தாறலுக்கு ஒரு கோடு, இப்போது 11. விக்சனரியில் சேர்க்குமுன் ஒரு ஐயம் மட்டும் பாக்கி: வினையாக வரும்போது 'காய்ந்தாறியது' என்று சேர்த்து எழுதுவதா, 'காய்ந்து ஆறியது' என்று பிரிப்பதா? இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்,
உதகையிலிருந்து