பழைய ஜன்னல் பெயிண்டைச் சுரண்டினால் ஆபத்தா?

தல்லாகுளத்துக்காரி:
மாமனார் 1984ல கட்டின வீடு. மர ஜன்னல்ல பச்சை பெயிண்ட் சருகு சருகா உரியுது. பெயிண்டர் அண்ணன் வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதும் கூடம் முழுக்கப் பச்சைத் தூசி. பத்து மாசப் பையன் அதுலயே தவழ்ந்து, கையை வாயில வச்சிட்டான். "முப்பது வருஷமா இப்படித்தான் செய்யறேன் தங்கச்சி"ங்கறார். ஈயம் இருக்குமாமே, நிஜமா?

எனாமல் பழனி:
வாய்ப்பு அதிகம்க்கா. அந்தக் காலத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்ல ஈயக் குரோமேட்ங்கற ஈயம் கலந்த நிறமி சாதாரணம். பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம் (பத்து லட்சம் பங்குல 90 பங்கு) தாண்டக் கூடாதுங்கற வரம்பே நம்ம நாட்டுல 2017 நவம்பர்லதான் அமலுக்கு வந்துச்சு. உலர்வாத் தேய்க்க விடாதீங்க. தண்ணி தெளிச்சு வாட்டர் பேப்பர்ல (நனைச்சுத் தேய்க்கற உப்புத்தாள்) தேய்க்கச் சொல்லுங்க, கீழே தார்ப்பாய். தீ வச்சு உரிக்கறேன்னு சொன்னா இன்னும் மோசம், புகையிலயே ஈயம் வரும். விளக்குமாறும் வேண்டாம், ஈரத்துணிதான்.

வார்டு சிஸ்டர்:
பையனுக்கு ரத்தத்துல ஈய அளவு பாருங்க. வழக்கமான ரத்தப் பரிசோதனைல இது வராது, தனியாக் கேக்கணும். டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே எங்கிருந்து வருதுன்னு தேடி நிறுத்தணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இரும்புச்சத்து குறைஞ்ச குழந்தை உடம்பு ஈயத்தைக் கூடுதலா இழுக்கும், அதையும் சேர்த்துப் பாருங்க.

தல்லாகுளத்துக்காரி:
வேலையை நிறுத்தியாச்சு. அண்ணன் முறைச்சுக்கிட்டே தார்ப்பாய் வாங்கப் போயிருக்கார். பையனைத் தூக்கிக்கிட்டு எங்கம்மா வீட்டுக்குக் கிளம்பறேன். நாளைக்கு ரத்தம் எடுக்கணும். அதே பச்சை பெயிண்டைத்தான் தொட்டில் கம்பிக்கும் அடிச்சிருந்தாங்க, இப்பதான் ஞாபகம் வருது.