புது கேனான் 1500டி கேமராவா, பழைய 5டி மார்க் 3-ஆ? கையில் இருப்பது சீட்டுப் பணம் மட்டும்

நைட்ஷிப்ட்:

வணக்கமுங்க. தாராபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. மூன்று வருடமாகப் போனிலேயே மாடு, காளை, ரேக்ளா என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். போன சித்திரையில் கண்ணபுரம் மாட்டுச் சந்தையில் எடுத்த ஒரு காங்கேயம் காளைப் படத்தை ஊரில் பாதிப் பேர் ஸ்டேட்டஸ் வைத்தார்கள், அதோடு ஆசை முற்றிவிட்டது. சீட்டு எடுத்ததில் 80 ஆயிரம் இருக்கிறது. அதற்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

இரண்டு வழி தெரிகிறது. ஒன்று, புது கேனான் 1500டி, கிட்டத்துக்கு 18-55, தூரத்துக்கு 55-250 என்று இரண்டு லென்ஸும் சேர்த்து 50-க்குள் முடித்துத் தருகிறேன் என்கிறார் கடைக்காரர். இன்னொன்று, ஈரோட்டில் ஸ்டூடியோவை மூடப் போகிற ஒருவர் தன்னுடைய 5டி மார்க் 3 பாடி மட்டும், லென்ஸ் இல்லாமல், 62 ஆயிரம் சொல்கிறார். அதைக் கையில் வாங்கிப் பார்த்ததிலிருந்து தூக்கம் போச்சு. அந்தக் கனமும் அந்த ஷட்டர் சத்தமும் வேறு மாதிரிங்க.

இதற்கு நடுவில் வரும் தையில் மாமா மகளுக்குக் கல்யாணம். நீதான் கேமரா வாங்குகிறாயே, போட்டோவை நீயே எடுத்துவிடு மாப்பிள்ளை என்று மாமா சொல்லிவிட்டார். எதை வாங்கலாம், அண்ணன்மார் சொல்லுங்க.

கூடுதுறையான்:

தம்பி, இருபது வருடத்துக்கு மேல் கல்யாணம் எடுக்கிறேன். முதலில் மாமாவுக்குப் போன் போட்டு முடியாது என்று சொல்லிவிடு. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

நம்ம பக்கத்துக் கல்யாணத்தில் முக்கியமான சீர் பலதும் விடிவதற்கு முன்னாலேயே நடக்கும். இணைச்சீரில் மாப்பிள்ளையையும் அவர் உடன்பிறந்தவளையும் சுற்றி நாற்பது பேர் நிற்பார்கள், வெளிச்சம் தலைக்கு மேலே ஒரு டியூப் லைட், வீடியோக்காரர் லைட்டை எந்தப் பக்கம் திருப்புவார் என்று அவருக்கே தெரியாது. அந்த இடத்தில்தான் சின்ன கேமராவும் பெரிய கேமராவும் பிரியும். 1500டி-க்கு 9 ஃபோகஸ் புள்ளி, நடுவில் இருப்பது ஒன்றுதான் குறுக்கு வகை, அதாவது நெடுக்குக் கோடு, படுக்கைக் கோடு இரண்டையும் பிடிக்கிறது, அதைத்தான் நம்ப முடியும். 5டி மார்க் 3-க்கு 61, அதில் 41 குறுக்கு வகை. அதை விட முக்கியம், ஈவி என்பது வெளிச்ச அளவு, 1500டி 0 ஈவி வரை ஃபோகஸ் பிடிக்கும் என்றால் இது மைனஸ் 2 ஈவி வரை பிடிக்கும், அதாவது அதில் நாலில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தாலும் போதும். சின்ன கேமரா முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும், அதற்குள் தாலி ஏறிவிடும்.

அப்புறம் கார்டு. 5டி மார்க் 3-இல் சிஎஃப் ஒன்று, எஸ்டி ஒன்று, ஒரே படத்தை இரண்டிலும் எழுதச் சொல்லலாம். 1500டி-யில் ஒரே கார்டுதான். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு கார்டு கேமராவோடு போய், மங்கல வாழ்த்து பாடி முடித்து எல்லோரும் அரிசி போடும் வரைக்கும் எடுத்து, வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டால் கார்டு திறக்கவில்லை. மென்பொருள் போட்டு முக்கால்வாசி மீட்டேன். மீதிக் கால்வாசியில்தான் பெண்ணின் அப்பாரு (தாத்தா) இருந்தார், அடுத்த மாதமே அவர் தவறிவிட்டார். அந்த வீட்டுப் பக்கம் இன்றைக்கும் நான் போவதில்லை.

இவ்வளவும் சொன்னதால் 5டி-யை வாங்கு என்று நினைத்துவிடாதே. 62 போனால் மிச்சம் 18 ஆயிரம். அதில் ஜூம் இல்லாத 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ் ஒன்று வாங்கலாம், கார்டு வாங்கலாம், தீர்ந்தது. அந்த பாடியில் ஃபிளாஷும் கிடையாது, தனியாக வாங்க வேண்டும். ரேக்ளாவை 50 எம்எம்மில் எடுக்க வேண்டும் என்றால் காளைக்குக் குறுக்கே போய்த்தான் நிற்க வேண்டும். போர் போட்டுவிட்டு மோட்டார் வாங்கக் காசில்லாமல் உட்கார்ந்திருக்கிற கதைதான்.

மூணாவது கேமரா:

நான் மறுத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். சின்னதில் ஆரம்பித்தேன், ஒன்றரை வருடத்தில் போதவில்லை, பாதி விலைக்குக் கொடுத்துவிட்டு நடுவில் ஒன்று வாங்கினேன், அதையும் கொடுத்துவிட்டுக் கடைசியில் பெரியதுக்குத்தான் வந்தேன். மூன்று கேமராவில் தொலைத்த பணத்தைக் கூட்டினால் ஒரு நல்ல லென்ஸ் வந்திருக்கும். அதுவும் இல்லாமல் 18-55, 55-250 இரண்டும் இஎஃப்-எஸ் லென்ஸ், சின்ன சென்சார் கேமராவுக்கானது, நாளைக்கு 5டி வாங்கினால் அதில் மாட்டவே மாட்டாது. எதற்கு இரட்டைச் செலவு? பெரியதை இப்போதே வாங்கு, லென்ஸை மெதுவாகச் சேர்.

ஆனைமலைக் காத்து:

மேலே சொன்னவர் மாதச் சம்பளத்தில் லென்ஸ் சேர்க்கிறவர் போல. கேட்டவர் சீட்டுப் பணத்தில் வாங்குகிறார், அதைப் பாருங்க.

நான் பொள்ளாச்சி. வால்பாறைப் பக்கம் இருவாச்சி, சோலைமந்தி என்று அலைகிறவன், கல்யாணம் எனக்குத் தெரியாது, ஓடுகிறதும் பறக்கிறதும் தெரியும். அதனால் ரேக்ளாவை மட்டும் சொல்கிறேன். 1500டி நொடிக்கு 3 படம் எடுக்கும். 200 மீட்டர் பந்தயத்தில் நல்ல ஜோடி ஓடுகிற வேகத்துக்கு, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் வண்டி மூன்று நான்கு மீட்டர் தாண்டிவிடும். நாலு காலும் தரையை விட்டுத் தூக்குகிற அந்த ஒரு நொடி கிடைத்தால் அது கேமராவின் திறமையில்லை, உங்கள் அதிர்ஷ்டம். சுருக்காத ரா (RAW) ஃபைலாக எடுத்தால் கொஞ்ச நேரத்திலேயே பஃபர், அதாவது கார்டில் எழுதும் வரை படத்தை வைத்திருக்கிற இடம், நிறைந்து கேமரா நின்றுவிடும். ஆனால் 5டி மார்க் 3-யும் நொடிக்கு 6 படம்தான், ஃபுல் ஃபிரேம், அதாவது படம் பதிகிற சென்சார் பெரியது என்பதால் அதே லென்ஸில் காளை சின்னதாகத் தெரியும். 1500டி மாதிரி கிராப் சென்சாரில், அதாவது சின்ன சென்சாரில், 250 எம்எம் என்பது 400 எம்எம் போலத் தெரியும், வேலி ஓரத்தில் நிற்கிறவனுக்கு அது சும்மா கிடைக்கிற லாபம்.

யாரும் சொல்லாத மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது: பழைய 7டி மார்க் 2. 2014-இல் வந்தது, கிராப் சென்சார், 65 ஃபோகஸ் புள்ளியும் குறுக்கு வகை, நொடிக்கு 10 படம், மைனஸ் 3 ஈவி வரை ஃபோகஸ் பிடிக்கும், சிஎஃப் ஒன்று எஸ்டி ஒன்று என இரண்டு கார்டு, மக்னீசியம் பாடி, தூசிக்கும் தூறலுக்கும் தடுப்பு. நீங்கள் சொன்ன 55-250 இதில் மாட்டும். பழையது உங்கள் பணத்துக்குள் கிடைக்கும், லென்ஸுக்கும் மிச்சம் இருக்கும். குறை இல்லாமல் இல்லை, இருட்டுக்காக ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்வை) 3200-க்கு மேலே ஏற்றினால் 5டி-யின் சுத்தம் இதில் வராது, 900 கிராம் கனம், 1500டி போல இரண்டு மடங்கு.

தூசித் தடுப்பைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீங்க. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உங்க ஊர்க் காற்றாடிகளைச் சுற்றுகிற சுற்றுக்கு, ரேக்ளாப் புழுதியில் நின்று லென்ஸ் மாற்றினால் சென்சாரில் மண் அப்பிக்கொள்ளும். எந்த கேமரா ஆனாலும் வண்டிக்குள் உட்கார்ந்து மாற்றுங்க, இல்லையென்றால் மாற்றவே மாற்றாதீங்க.

பனியன் பெட்டி:

திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு கேட்டலாக் படம் எடுக்கிறேன். ஆறு வருடமாக என் சோறு ஒரு ஆரம்ப நிலைக் கேமராவில்தான், நிக்கான் டி3500. ஸ்டாண்டு, இரண்டு சாஃப்ட் பாக்ஸ், வெள்ளைத் துணி. சட்டை ஓடாது, எனக்கு 10 படம் வேண்டாம். வாங்குகிற வெளிநாட்டுக்காரர் இதுவரை ஒருத்தர்கூட எந்த கேமரா என்று கேட்டதில்லை, கலர் சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்றுதான் கேட்பார்கள்.

தம்பி சந்தைப் படம் எடுப்பது சித்திரை வெயிலில். அங்கே வெளிச்சத்துக்குப் பஞ்சமா? ஐஎஸ்ஓ 100, எஃப் 8, எந்த கேமராவும் நன்றாகத்தான் கொடுக்கும். வெள்ளை மாட்டைக் கேமராவின் மீட்டர் சாம்பலாக்கிவிடும், மயிலைக் காளையின் கறுத்த திமிலையும் வெளுத்த வயிற்றையும் ஒரே படத்தில் காப்பாற்றுவதுதான் கஷ்டம், அதற்குக் கேமரா விலை உதவாது, எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கத் தெரிய வேண்டும். இருட்டுக்குக்கூட பாடியை விட லென்ஸ்தான் முதலில். எஃப் எண் சின்னதானால் லென்ஸ் அகலமாகத் திறக்கும்; 18-55-ஐ 55-இல் வைத்தால் எஃப் 5.6, அதே இடத்தில் 50 எம்எம் எஃப் 1.8 போட்டால் ஏறக்குறைய பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். என்னைக் கேட்டால் 1500டி, அந்த 50 எம்எம், மிச்சப் பணம் வங்கியில். 7டி-யைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியவில்லை, அந்தச் சத்தத்துக்கு மயங்கியதாகச் சொன்னதுதான் பயமாக இருக்கிறது.

நைட்ஷிப்ட்:

அக்கா, சத்தத்தைப் பற்றிச் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். மானம் போகிறது.

ஆனைமலை அண்ணா சொன்னபிறகு தேடினேன், கோவையில் ஒரு 7டி மார்க் 2, 38 ஆயிரம் சொல்கிறார்கள். இரண்டு சந்தேகம். பழையது வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? அப்புறம், எல்லோரும் உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போகிறார்களே, இந்தக் காலத்தில் கண்ணாடி வைத்த இந்த எஸ்எல்ஆர் வாங்குவது கெட்டித்தனமா?

கூடுதுறையான்:

அதுவும் சரியான பேச்சுத்தான். கேனான் 1டி எக்ஸ் மார்க் 3-யும் நிக்கான் டி6-உம் 2020-இல் வந்தன, அதற்குப் பிறகு அந்த மேல்வரிசையில் புது எஸ்எல்ஆர் வரவில்லை. நானும் பாதி மாறிவிட்டேன். ஆனால் எங்களைப் போன்றவர்கள் மாறுவதால்தான் உனக்கு இந்த விலைக்குக் கிடைக்கிறது. இஎஃப் லென்ஸை அடாப்டர் போட்டுப் கேனானின் புது ஆர் வரிசை மிரர்லெஸ்ஸில் மாட்டலாம், லென்ஸுக்குப் போட்ட காசு வீணாகாது.

பழையதைப் பார்க்கப் போகும்போது பகலில் போ. எஃப் 16-இல் வைத்து வெறும் வானத்தை ஒரு படம் எடு, ஃபோகஸ் கலங்கி இருந்தாலும் பரவாயில்லை, சென்சாரில் அழுக்கு இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். ஊதினால் போகிற பொட்டு என்றால் பயமில்லை, போகாவிட்டால் விலையைக் குறை. மூடியை மாட்டி, 30 நொடி திறந்து வைத்து ஒரு படம், அதில் சிவப்பு, நீலப் புள்ளி எத்தனை என்று பார், அவை சென்சாரில் கெட்டுப்போன புள்ளிகள். ஷட்டர் எத்தனை தடவை ஓடியது என்பது கேனானில் படத்தோடு வராது, கேபிள் போட்டு மென்பொருளில்தான் பார்க்க வேண்டும், லேப்டாப் கொண்டு போ. 7டி மார்க் 2 ஷட்டருக்குக் கம்பெனி சொல்வது 2 லட்சம், கல்யாணக்காரன் கையில் இருந்தது என்றால் அது சீக்கிரம் வந்துவிடும். இரண்டு கார்டு இடத்திலும் கார்டு போட்டு எழுதிப் பார், சிஎஃப் இடத்தில் ஊசி வளைந்திருக்கும், பல பேர் அதைப் பார்ப்பதே இல்லை. லென்ஸும் பழையது என்றால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா பார். பில் இல்லாவிட்டால் வாங்காதே, அது மட்டும் கண்டிப்பு.

கல்யாணத்துக்கு 5டி-யை ஒரு நாள் வாடகைக்கு எடுக்கலாம், ஈரோட்டிலும் கோவையிலும் கொடுக்கிறார்கள். ஆனால் நேற்று வாங்கிய கேமராவோடு மாமா வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாதே என்று திரும்பவும் சொல்கிறேன். வேண்டுமானால் நான் வருகிறேன், நீ இரண்டாவது கேமராவாக நில். சொந்தக்காரர் முகமெல்லாம் உனக்குத்தான் தெரியும், யாரை விட்டால் சண்டை வரும் என்பதும் உனக்குத்தான் தெரியும்.

மூணாவது கேமரா:

7டி மார்க் 2 என்றால் எனக்கும் ஒத்துப்போகிறது. ஆனால் கடைசியில் ஃபுல் ஃபிரேமுக்கு வருவீர்கள், அன்றைக்கு என்னை நினைத்துக்கொள்வீர்கள்.

நைட்ஷிப்ட்:

ஞாயிற்றுக்கிழமை போய் வாங்கிவிட்டேன். வானத்தில் ஒரு பொட்டு இருந்தது, ஊதினார், போய்விட்டது. ஷட்டர் 61 ஆயிரம் சொச்சம். பில்லைக் காட்டச் சொன்னதும் முகம் சுருங்கினாலும் கொடுத்துவிட்டார். 36-க்கு முடிந்தது. பழைய 55-250 ஒன்றும் புது 50 எம்எம்மும் சேர்த்து, இரண்டு கார்டும் வாங்கியபிறகு 20 ஆயிரத்துக்குக் கிட்ட மிச்சம் இருக்கிறது.

மாமாவிடம் கூடுதுறை அண்ணாவைப் பற்றிச் சொன்னேன். அப்படியானால் நீ சாப்பிட மட்டும் வருகிறாயா என்று கேட்டார், இரண்டாவது கேமரா என்று சொல்லிச் சமாளித்திருக்கிறேன். நாளைக்கு நைட் ஷிப்ட் முடிந்ததும் உடுமலைப் பக்கம் ஒரு ரேக்ளா இருக்கிறது, தூங்காமல் போகிறேன், படம் தேறினால் போடுகிறேன்.

வீட்டில் 20 ஆயிரம் என்று சொல்லியிருக்கிறேன். இங்கே யாராவது எங்க அம்மாவுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் மாற்றிச் சொல்லிவிடாதீங்க.