மிதித்தால் மட்டும் வரும் சத்தம்: காதை நம்பாதீர்கள், எண்ணிப் பாருங்கள்

சைக்கிள் சத்தத்தைக் காதை மட்டும் நம்பித் தேடினால் ஏமாந்துபோவோம். ஃபிரேம் குழாய்களுக்குள் வெறும் காற்றுதான், சத்தம் குழாய் வழியே எங்கும் ஓடும். சீட் கம்பியில் எழும் கிறீச் சத்தம் கீழே இறங்கி பெடல் பக்கம் கேட்கும். இதனாலேயே நல்ல பாட்டம் பிராக்கெட்டை (இரண்டு பெடல் கைகளையும் இணைக்கும் அச்சு சுழலும் பேரிங்) வீணாக மாற்றுகிறார்கள்.

ஓடும்போது மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தம் தொடர்ந்தால் சக்கரம், பிரேக் பக்கம் பாருங்கள் (ஃப்ரீவீலின் டிக்டிக் இயல்பானது, அதை விட்டுவிடுங்கள்). நின்றுவிட்டால், அடுத்து சீட்டை விட்டு எழுந்து மிதியுங்கள். அப்போது சத்தம் இல்லையென்றால் சீட் கம்பியோ சீட் கிளாம்போதான். உயரத்தை டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டு கம்பியை உருவி, துடைத்து, மெல்லிசாக கிரீஸ் பூசி மாட்டுங்கள். கார்பன் கம்பிக்கு கிரீஸ் கூடாது, அதற்கென்று உள்ள பேஸ்ட்தான்.

* * *

எழுந்து மிதித்தாலும், ஒரு சுற்றுக்கு ஒரு முறை கடக் என்றால் முதலில் பெடல் மரை. இரண்டையும் கழற்றித் துடைத்து, மரையில் கிரீஸ் வைத்து 35 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இடது பெடலுக்கு எதிர்மரை, கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும்.

அப்புறம் கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) போல்ட். சதுர ஆக்ஸில் உள்ள வண்டியில் கிராங்க் ஆடுகிறது என்று தெரிந்தும் ஓட்டாதீர்கள். அலுமினிய கிராங்கின் சதுர ஓட்டை உருண்டுவிடும். பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டியதுதான்.

* * *

சுற்றுக்கு ஒன்று என்று வராமல், இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு டிக் வந்தால் செயின். 112 கண்ணி செயின், முன்னால் 44 பல் என்றால் செயின் ஒரு முழு வலம் வர பெடல் இரண்டரை சுற்று சுற்றும். பெடலைக் கையால் மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, பின் டிரெய்லியரின் (பின் கியரை மாற்றும் கருவி) சின்னப் பல்சக்கரத்தையே பாருங்கள். இறுகிய கண்ணி அங்கே வளையாமல் துள்ளும். அந்த இடத்தை இரு கையாலும் பக்கவாட்டில் லேசாக வளைத்துத் தளர்த்தி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள்.

* * *

சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை ஸ்ஸ் என்று உரசினால் பிரேக் டிஸ்க் கோணல். மேட்டில் அழுத்தி ஏறும்போது டிங் என்றால் ஸ்போக்ஸ் கம்பிகள் குறுக்கே தொடும் இடம். அங்கே துளி எண்ணெய் போதும், டிஸ்க்கில் மட்டும் படவே கூடாது.

இன்னொன்று: ஷூ லேஸ் நுனியோ, முன் கியர் கேபிளின் நீட்டிய முனையோ கிராங்கில் தட்டினாலும் சுற்றுக்கு ஒரு டிக் வரும். பெடலைக் கழற்றும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.