தையல் லைனில் மூன்று வாரம் உட்கார்ந்தது வேலையா, வேடிக்கையா?

நொய்யல்கரை | திங்கள், இரவு 9:42

கோவையில் ஒரு சின்ன சாப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறேன். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றுக்கு உற்பத்திக் கணக்கும், தைத்த பீஸுக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் சம்பளமும் போடுகிற ஆப் செய்து தர வேண்டும். கோட் எழுதும் முன் மூன்று வாரம் தையல் லைனிலேயே போய் உட்கார்ந்தேன். கேள்வித்தாள் எதுவும் நீட்டவில்லை. கைமடி (துணி மடித்துக் கொடுக்கும் உதவியாள்) வராத நாளில் நானே பீஸை மடித்து அடுக்கினேன். மானுடவியலாளர் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் மக்களோடு தங்கிச் செய்தாரே, அந்த வழிதான். அவருக்குக் கடலோரத்தில் கூடாரம், எனக்கு ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூல்.

எங்கள் எம்.டி. இதைப் 'பில் போட முடியாத பதினெட்டு நாள்' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

கோட்காரன் | திங்கள், இரவு 10:15

உங்கள் எம்.டி. பக்கம்தான் நான். பன்னிரண்டு வருடமாகத் திருப்பூர், கரூர் கம்பெனிகளுக்கு ஈஆர்பி (மொத்தக் கம்பெனிக் கணக்கையும் பார்க்கிற சாப்ட்வேர்) போட்டுக் கொடுக்கிறேன். ஓனரிடம் ஒரு மணி நேரம், அக்கவுண்டன்டிடம் அரை நாள், புரொடக்ஷன் மேனேஜரோடு ஒரு டீ. அதற்குமேல் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது? திரை புரிகிறதா என்று பார்க்க ஐந்து பேரை உட்கார வைத்தால் பெரும்பாலான குறை வெளியே வந்துவிடும் என்று திரை வடிவமைப்பு நிபுணர் ஜேக்கப் நீல்சன் 2000லேயே எழுதிவிட்டார். ஐந்து பேருக்கு ஒரு மத்தியானம் போதும்.

காங்கேயத்துப் பொண்ணு | திங்கள், இரவு 11:03

மானுடவியல் படிக்கிறவள் என்பதால் நுழைகிறேன். நீல்சன் சொன்ன ஐந்து பேர் செய்து முடித்த திரையில் ஓட்டை தேடுவதற்கு. அந்தத் திரையே வேண்டுமா என்பதை அந்த ஐந்து பேரால் சொல்ல முடியாது.

நகல் எடுப்பதையே நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அதே கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் லூசி சச்மன் என்ற மானுடவியலாளர் இருந்தார். புது மெஷின் குழப்புகிறது என்று புகார் வந்தபோது, இருவர் இருவராக அதோடு மல்லுக்கட்டுவதை 1980களின் தொடக்கத்தில் வீடியோ எடுத்தார். கணினித் துறையில் பெயர் பெற்ற ஆட்களே அதன் முன் திணறினார்கள். மெஷினுக்குத் தெரிவதெல்லாம் எந்தப் பட்டன் அமுங்கியது என்பது மட்டும். அமுக்கியவர் அதை என்னவென்று நினைத்து அமுக்கினார் என்பது அதற்குத் தெரியாது. உங்கள் ஈஆர்பிக்கும் அதே குருட்டுத்தனம்தான், கோட்காரன் அண்ணா.

நொய்யல்கரை அண்ணாவுக்கும் ஒன்று: மூன்று வாரத்தைக் களப்பணி என்று சொல்லிக்கொள்ளாதீர்கள். மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1960களில் எங்கள் காங்கேயம் பக்கத்துக் கிராமத்தில் குடியிருந்து, அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பாடக் கேட்டுப் பதிவு செய்தார். நீங்கள் செய்தது எட்டிப் பார்த்தது. அதுவும் நல்லதுதான்.

கோட்காரன் | செவ்வாய், காலை 7:20

சரி, ஜெராக்ஸ் கதை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் விற்கப்போவது ஆயிரக்கணக்கான மெஷின். ஆராய்ச்சிச் செலவு அதில் கரைந்துவிடும். எனக்கு ஒரு ஆர்டர், ஒரு கம்பெனி, அதிலும் பாதிப் பணம் தீபாவளிக்கு அப்புறம்தான். மூன்று வாரச் சம்பளத்தை யார் தலையில் கட்டுவது? அப்படி என்னதான் கண்டுபிடித்தீர்கள், அதைச் சொல்லுங்கள்.

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 9:10

சொல்கிறேன். அங்கே முன்பு ஒருத்தர் போட்டுக் கொடுத்த ஆப் இருந்தது. லைன் கடைசியில் ஒரு டேப் (டேப்லெட்), ஒவ்வொரு பண்டலுக்கும் பதினோரு கட்டம் நிரப்ப வேண்டும். எல்லாவற்றையும் சனிக்கிழமை மத்தியானம் மொத்தமாகத் தட்டிவிடுவார்கள். 'ஆளுங்களுக்குப் படிப்புப் பத்தாது' என்று ஓனர் நினைத்துக்கொண்டிருந்தார்.

விஷயம் அது இல்லை. லைன் சூப்பர்வைசர் அக்கா பாக்கெட் நோட்டு ஒன்று வைத்திருக்கிறார். ஒரு டெய்லர் இன்றைக்கு 140 பீஸ் அடித்தால் நோட்டில் 110 என்று எழுதுவார். மிச்சம் 30 பீஸ் அந்த டெய்லர் பேரிலேயே நிற்கும். டையிங்கில் (சாயப்பட்டறையில்) இருந்து துணி வராமல் கட்டிங் நின்றுபோய், நாளைக்கு 80தான் அடிக்க முடிந்தது என்றால் அந்த 30ஐ இங்கே சேர்ப்பார். வாரக் கடைசியில் கூட்டினால் ஒரு பீஸ் கூடாது, குறையாது. எதற்கு என்று கேட்டதற்கு, 'ஒரே நாள்ல தூக்கிக் காட்டினா ரேட்டைக் குறைச்சுப்போடுவாங்க கண்ணு' என்றார். பதினோரு கட்டத்தில் எட்டாவது, 'முடித்த நேரம்'. அதை அன்றன்றே நிரப்பினால் யார் எந்த நாளில் எத்தனை அடித்தார் என்பது வெளியே தெரிந்துவிடும். அதனால்தான் சனிக்கிழமை வரை அந்த டேப்பை யாரும் தொடவில்லை.

இதை எந்த ஓனர் உங்களுக்கு ஒரு மணி நேரத்தில் சொல்வார்?

ரெண்டாம்தலைமுறை | செவ்வாய், இரவு 9:48

அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஏனுங்க, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் லைன் நோட்டையும் வாங்கிப் பார்க்கத் தோன்றுகிறது. வாரக் கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் தினக் கணக்குப் பொய். 140 அடிக்கிற டெய்லரை 110 என்று நம்பி நான் வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கிறேன். தேதிக்குள் முடியாது என்று கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்பினால் அந்த ஆர்டரில் லாபமே கிடையாது, அது தெரியுமா? காசு கொடுக்கிறவன் நான். என் லைனில் நடப்பது எனக்குத் தெரியக் கூடாதா?

ஓவர்லாக்மகள் | செவ்வாய், இரவு 10:30

எங்கம்மா இருபது வருடம் ஓவர்லாக் ஓட்டினாங்க. துணி வராத நாளில் காலை எட்டு மணிக்கு வந்து, மத்தியானம் வரை சும்மா உட்கார்ந்துவிட்டுத் திரும்பியிருக்காங்க. அந்த அரை நாளுக்கு எந்த ஓனரும் காசு தரவில்லை. பொய்க் கணக்கு என்கிறீர்களே, அந்தக் காத்திருப்பை எந்தக் கணக்கில் எழுதுவது?

நொய்யல்கரை அண்ணா, உங்களிடமும் ஒன்று கேட்கணும். நீங்கள் பீஸ் மடித்துக் கொடுத்துப் பழகினதால்தான் அந்த அக்கா நோட்டைக் காட்டியிருக்கும். அதைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டீர்கள். ஓனர்களும் இங்கே படிக்கிறார்கள், மேலே ஒருத்தர் பேசிக்கொண்டே இருக்கிறார். உங்களுக்கு ஆப் ஓடும். அந்த அக்காவுக்கு?

நொய்யல்கரை | செவ்வாய், இரவு 10:52

ஊரில் எத்தனை கம்பெனி, யார் என்று தெரியவா போகிறது என்று பதில் எழுத ஆரம்பித்து அழித்துவிட்டேன். என்னை வேலைக்கு வைத்தவருக்குத் தெரியும். தப்புதான்.

காங்கேயத்துப் பொண்ணு | புதன், காலை 6:55

இது திருப்பூரில் மட்டும் நடப்பது இல்லை. சிகாகோ பக்கத்தில் ஹாதார்ன் தொழிற்சாலையில் 1931-32ல் வயரிங் வேலை செய்த பதினான்கு பேரை ஒரு தனி அறையில் வைத்துப் பார்த்தார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடம் களப்பணி செய்து திரும்பியிருந்த லாயிட் வார்னர்தான் அந்த ஆய்வுக்கு யோசனை சொன்னவர். அங்கேயும் இதேதான்: ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அவர்களே ஓர் அளவு வைத்திருந்தார்கள். கூடுதலாக முடித்ததை அடுத்த நாளுக்கு வைத்துக் கணக்குக் காட்டினார்கள். கூடக் காட்டினால் ரேட் குறையும் என்ற அதே பயம்.

ஓவர்லாக்மகள் கேட்டதற்கு எங்கள் படிப்பில் சம்மதம் என்று பெயர். பார்ப்பதற்கு மட்டும் சம்மதம் வாங்கினால் பத்தாது. பார்த்ததை யாரிடம் கொண்டுபோகிறோம் என்பதற்கும் வாங்க வேண்டும். கம்பெனிக்காக மானுடவியல் செய்கிறவர்கள் வழுக்குவது இந்த இடத்தில்தான். கூலி கொடுப்பவர் ஒருத்தர், கதை சொல்பவர் இன்னொருத்தர்.

நொய்யல்கரை | புதன், இரவு 9:30

இரவெல்லாம் யோசித்து டிசைனை மாற்றினேன். செக்கிங் டேபிளில் பண்டல் டிக்கெட்டை (ஒவ்வொரு பண்டலோடும் வரும் சீட்டை) ஸ்கேன் செய்தால் அந்த ஆர்டரில் எத்தனை பீஸ் முடிந்தது என்று ஓனருக்கு அன்றன்றே தெரியும். ஷிப்மென்ட் பயம் தீர்ந்தது. ஆள்வாரிக் கணக்கை மட்டும் சூப்பர்வைசர் வாரம் ஒரு தடவை, சனிக்கிழமை போடுவார். 'முடித்த நேரம்' கட்டம் கிடையாது.

கோட்காரன் | புதன், இரவு 9:51

ஓட்டை இருக்கிறது. ஸ்கேன் சொல்வதும் நோட்டு சொல்வதும் தினம் ஒட்டாது. எவனாவது ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதல் வாரமே மாட்டிக்கொள்வீர்கள்.

நொய்யல்கரை | புதன், இரவு 9:58

நோட்டு அக்கா கையிலேயே இருக்கும். ஆப்புக்குள் வருவது வாரக் கூட்டல் மட்டும். வாரத்துக்கு ஒட்டும்.

ரெண்டாம்தலைமுறை | புதன், இரவு 10:20

எனக்குப் பாதி சரி, பாதி சரியில்லை. ஆர்டர் நிலவரம் தினம் தெரிந்தால் விமானச் செலவு மிச்சம், அது பெரிய விஷயம். ஆனால் எந்த டெய்லர் மெதுவாக அடிக்கிறார் என்று எனக்குத் தெரிய வேண்டும். தினக் கணக்கு வேண்டும் என்று கேட்டால் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?

கோட்காரன் | புதன், இரவு 10:26

நான் கொடுப்பேன். ஆனால் ஒன்று ஒத்துக்கொள்கிறேன்: நான் போட்ட எத்தனை ஆப்பில் சனிக்கிழமை மத்தியானம் மொத்தமாகத் தட்டினார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அடுத்த வேலைக்கு மூன்று நாள் உட்காருவேன். மூன்று வாரம் முடியாதுங்க.

ஓவர்லாக்மகள் | புதன், இரவு 10:41

எல்லாரும் டிசைன் பேசுறீங்க. அந்த அக்காகிட்ட யாராவது கேட்டீங்களா?

நொய்யல்கரை | புதன், இரவு 10:44

இன்னும் இல்லை. சனிக்கிழமை சம்பளம் போட்டு முடிந்ததும் போகிறேன். வேண்டாம் என்றால் மேலே நான் எழுதியதை அழிக்க இந்தத் தளத்தில் வழி இருக்கிறதா?