கிரிட் கம்ப்யூட்டிங் எதற்கு என்று நிதி ஒதுக்குபவர்களிடம் எப்படிச் சொல்வது?

முகில்:
எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையம் ஓர் அறிவியல் கிரிட்டில், அதாவது பல நாட்டுக் கணினி மையங்களை இணைத்துப் பொதுவாகப் பயன்படுத்தும் அமைப்பில், இருக்கிறது. வெளிநாட்டு ஆய்வாளர்களின் வேலைகள் எங்கள் சர்வர்களில் ஓடும், எங்கள் ஆட்களுடையது அங்கே ஓடும். நிதி நீட்டிப்புக்காக அமைச்சக அதிகாரிகள் முன் பேச வேண்டும், பத்து நிமிடம்தான். கையில் இருக்கிற ஸ்லைடு முழுக்கக் கோர் எண்ணிக்கையும் டெராபைட்டும்தான், அதைப் பார்த்து யாரும் பணம் தருவார்கள் என்று தோன்றவில்லை. "கிளவுடில் வாடகைக்கு எடுத்தால் ஆகாதா" என்றும் கண்டிப்பாகக் கேட்பார்கள். எங்கிருந்து தொடங்கலாம்?

தேன்மொழி:
கணினியை விடுங்கள், அதனால் கிடைத்ததிலிருந்து தொடங்குங்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் போசான் என்ற துகள் பற்றிய அறிவிப்பின்போது, ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் அப்போதைய தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹாயர், துகள் முடுக்கியோடும் உணர்கருவிகளோடும் கிரிட்டையும் சேர்த்துத்தான் பாராட்டினார். ஆனால் துகள் இயற்பியல் எல்லா அதிகாரிகளுக்கும் ஒட்டாது, நான் மலேரியாவைத்தான் சொல்வேன். 2005இல் ஐரோப்பிய கிரிட்டில் நடந்த விஸ்டம் திட்டத்தில், மலேரியா ஒட்டுண்ணியின் புரதத்தில் எந்த மூலக்கூறு போய்ப் பொருந்தும் என்று கோடிக்கணக்கான கணக்குகள் போட்டார்கள். ஒரே கணினியில் சுமார் 80 ஆண்டு ஆகியிருக்க வேண்டியது ஆறே வாரத்தில் முடிந்தது. ஒரு மூலக்கூறின் கணக்கு இன்னொன்றின் விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, அதனால் எந்த நாட்டில் சர்வர் சும்மா இருக்கிறதோ அங்கே அனுப்பிவிடலாம். இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் கிரிட் என்றால் என்ன என்று தனியாக விளக்கவே வேண்டாம். ஒன்று மட்டும், மருந்தே கிடைத்துவிட்டது என்று சொல்லிவிடாதீர்கள். ஆய்வகத்தில் சோதிக்க வேண்டிய பட்டியல் சுருங்கியது, அவ்வளவுதான். அதுவே பெரிய விஷயம்.

பரிதி:
கிளவுட் கேள்விக்கு நேராகவே பதில் சொல்லுங்கள். திடீரென்று சில வாரம் மட்டும் அதிகத் திறன் தேவைப்பட்டால் கிளவுட் நல்லது, அதை ஒப்புக்கொண்டால்தான் மற்றதையும் நம்புவார்கள். ஆனால் வருடம் முழுக்க இரவும் பகலும் ஓடுகிற வேலைக்கு வாடகை ஏறிக்கொண்டே போகும், சேமித்த டேட்டாவை வெளியே எடுக்கவும் பல நிறுவனங்கள் தனியாகக் காசு கேட்கின்றன. செர்னின் பெரிய துகள் முடுக்கியான எல்.எச்.சி.யின் டேட்டாவைக் கையாளும் உலக கிரிட்டில் 40க்கும் மேற்பட்ட நாடுகளில் சுமார் 170 மையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு நாடும் தன் பணத்தைத் தன் மண்ணிலேயே செலவழிக்கிறது, இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். நிதி அதிகாரிக்கு இது சட்டென்று புரியும்.

இளவேனில்:
தேன்மொழி சொன்னது தொடக்கத்துக்குச் சரி, ஆனால் அதோடு நிறுத்தினால் "ரொம்ப நல்லது, இதில் நம் பங்கு என்ன" என்று கேட்டுவிடுவார்கள். கிரிட்டில் யார் எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்கள் என்ற கணக்கு பதிவாகிறது. நாம் வெளியே கொடுத்தது எவ்வளவு, வெளியிலிருந்து நம் ஆய்வாளர்கள் எடுத்தது எவ்வளவு, அதனால் எந்த ஆய்வு முடிந்தது என்று ஒரே பக்கத்தில் கொண்டுபோங்கள். எடுத்தது குறைவாக இருந்தாலும் மறைக்க வேண்டாம், ஏன் என்று சொல்லுங்கள். அப்புறம், பேசுவது நீங்களாக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. கிரிட் இல்லாமல் என் வேலை நின்றுபோகும் என்று ஒரு உயிரியல் ஆய்வாளர் சொல்வதற்கு இருக்கிற எடை சர்வர் பார்க்கிறவர் சொல்வதற்கு இருக்காது.

இன்னொன்று, இயந்திரத்துக்கு மட்டும் பணம் கேட்காதீர்கள். ஐரோப்பாவில் 2004இல் தொடங்கிய ஈ.ஜி.ஈ.ஈ. கிரிட் திட்டம் 2010இல் முடிந்தது, அதன் பிறகு நாட்டு அளவிலான அமைப்புகள் சேர்ந்து நடத்தும் ஈ.ஜி.ஐ.யாக அது தொடர்ந்தது. இரண்டு மூன்று வருடத் திட்டப் பணத்தை நம்பியிருந்தால், அது தீரும்போது முதலில் போவது சம்பளம்தான். பழகிய ஆட்கள் கிளம்பிவிட்டால் சர்வர் இருந்தும் பயனில்லை, இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

முகில்:
மூவருக்கும் நன்றி. புரத ஆய்வு செய்கிற குழு ஒன்று எங்களிடமே இருக்கிறது, அவர்களைக் கூப்பிடுகிறேன். கொடுத்தது எடுத்தது கணக்கைத் துறைவாரியாகப் பிரித்தால் நல்லதா, இல்லை மொத்தமாகவே காட்டலாமா?

இளவேனில்:
துறைவாரியாக. எந்த அதிகாரிக்கு எந்தத் துறையில் அக்கறை என்று முன்கூட்டியே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த வரியை மேலே போடலாம்.