அதிகாரத்தைப் பிடிக்க வழி சொல்லும் புத்தகங்களைப் படித்துவிட்டு யார்மேலாவது பிரயோகித்த அனுபவம் உண்டா?

மொட்டைமாடி:

அதிகாரத்துக்கு 48 விதிகள் சொல்லும் ராபர்ட் கிரீன் புத்தகத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் வாங்கியது 2017-ல், திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில், ஞாயிற்றுக்கிழமை நடைபாதைக் கடையில். கள்ளப் பதிப்பு, 150 ரூபாய், நடுவில் எட்டுப் பக்கம் தலைகீழாக இருந்தது. "அமெரிக்காவுல நிறைய ஜெயில்ல இதை உள்ளயே விடமாட்டான் சார்" என்று கடைக்காரர் சொன்னதும் பேரம்கூடப் பேசாமல் எடுத்துக்கொண்டேன். (அவர் சொன்னது உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்தது. யோசித்துப் பார்த்தால் அந்த ஒரு வரியிலேயே அவர் என்மேல் ஏதோ ஒரு விதியைப் பிரயோகித்துவிட்டார்.)

விதி 4, தேவைக்கும் குறைவாகவே பேசு. அப்போது அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன். இன்கிரிமென்ட் பேச்சு. மேனேஜர் "நீ எவ்வளவு எதிர்பார்க்கிற?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் மேசைமேல் இருந்த கண்ணாடி பேப்பர்வெயிட்டையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இருபது எண்ணுவதற்குள் மௌனம் தாங்காமல் அவரே தொகையை ஏற்றுவார் என்பது என் கணக்கு. பதினாலோ பதினைந்தோ எண்ணும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, சத்தியமாக. இமைக்காமல் பார்த்ததும், ஏசி நேராக முகத்தில் அடித்ததும்தான் காரணம்.

மேனேஜர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். "அப்பா இல்லாத முதல் வருஷம் கஷ்டமாத்தான் இருக்கும்பா. எனக்கும் அப்படித்தான் இருந்தது" என்றார்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அந்த அறைக்குள் நுழைந்ததிலிருந்து அவரை நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. மேனேஜர் தாளில் எழுதியிருந்த எண்ணை அடித்துவிட்டு 2,000 கூட்டி எழுதினார். நன்றி சார் என்று வாங்கிக்கொண்டேன். வருஷங்கள் ஆகிவிட்டன, அந்தக் கை இன்னும் தோளிலேயே இருக்கிற மாதிரி இருக்கிறது. உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

சாயப்பட்டறை:

எனக்கு டேல் கார்னகி. நண்பர்களைச் சம்பாதிப்பது எப்படி என்று 1936-ல் வந்த அதே பழைய புத்தகம்தான். புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசர்களுக்கு எங்கள் முதலாளி ஆளுக்கொன்று கொடுத்தார். ஒருவருக்கு அவருடைய பெயரைவிட இனிமையான சத்தம் எந்த மொழியிலும் கிடையாது என்று அதில் வருமே, அதைப் பிடித்துக்கொண்டேன்.

திருப்பூரில் டையிங் யூனிட் வைத்திருந்த பெரியவர் ஒருவர். எங்கள் துணி நாலு நாள் தாமதம், கன்டெய்னர் தூத்துக்குடிக்குக் கிளம்ப வேண்டும். போய் உட்கார்ந்தவன், வரிக்கு வரி அவர் பெயரைச் சொல்லி ஒரு "சார்" போட்டுப் பேசினேன். பெயரைச் சொல்லி, குடும்பத்தில் எல்லாரும் சௌக்கியமா? பெயரைச் சொல்லி, மழை எப்படி? ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ, அவர் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே, "ஏங்கண்ணு, எம்பேரை எதுக்கு இப்படி ஏலம் போடற?" என்றார். பக்கத்தில் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த அம்மா தலையை நிமிர்த்தாமலே சிரித்தார். அது அவருடைய சம்சாரம். நாற்பது வருஷமாக அந்தப் பெயரை வாயால் சொல்லாதவர் என்று அப்புறம் சொன்னார்கள்.

எங்கள் பக்கம் பெரியவர்களை அண்ணா என்போம், மாமா என்போம், ஐயா என்போம், ஒன்றும் தோன்றாவிட்டால் "ஏனுங்" என்போம். வயசில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவன் போலீஸ்காரன், இல்லை கடன் கொடுத்தவன். இது எனக்குத் தெரியாதா என்ன? எங்கள் அப்பாவை ஒரு பொடியன் அப்படிக் கூப்பிட்டிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். புத்தகத்தில் இருந்தது, செய்தேன். துணி ஆறு நாள் தாமதமாக வந்தது.

கடைசிபெஞ்ச்:

மொட்டைமாடி, உங்களுக்கு விதி 4 வேலை செய்யவில்லை. உங்கள் மேனேஜர் நல்ல மனுஷர், அவ்வளவுதான். அப்பா பெயரால் வந்த 2,000-ஐ மாதாமாதம் வாங்கிக்கொண்டு இப்போது வந்து உறுத்துகிறது என்றால் எப்படி? பிறகாவது அவரிடம் சொன்னீர்களா?

மொட்டைமாடி:

சொல்லவில்லை. சொன்னால் யாருக்கு நிம்மதி என்று யோசிப்பதிலேயே மூன்று வருஷம் போய்விட்டது. அப்புறம் கம்பெனி மாறிவிட்டேன்.

கடைசிபெஞ்ச்:

அங்கேயும் விதி 4-தானா? சரி, விடுங்கள்.

கோலப்பொடி:

நீங்கள் எல்லாம் வலை வீசியவர்கள். நான் விழுந்தவள்.

எங்கள் அபார்ட்மென்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மா ஒருவர். இரண்டாம் நாளே வீட்டில் அரைத்த சாம்பார்பொடி கொண்டுவந்து கொடுத்தார், அரைக் கிலோ இருக்கும். பிளாஸ்டிக் கவரில் இல்லை, பளபளவென்று எவர்சில்வர் டப்பாவில். கவனியுங்கள், டப்பாவில்! டப்பா என்றால் திருப்பிக் கொடுக்க வேண்டும். வெறும் பாத்திரமாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது என்று சொல்லித்தானே நம் வீடுகளில் வளர்க்கிறார்கள். கொஞ்சம் சர்க்கரை போட்டுக் கொண்டுபோனேன். உட்காரவைத்தார், காபி கொடுத்தார். நாலு நாளில் அதே டப்பா கொத்தமல்லித் தொக்கோடு திரும்பி வந்தது. நான் முறுக்கு போட்டுக் கொண்டுபோனேன். மூன்றாவது முறை போனபோது சோபாவில் ஏற்கெனவே இரண்டு பேர் இருந்தார்கள், டிவியில் ஏதோ சத்துமாவு கம்பெனியின் படம் ஓடிக்கொண்டிருந்தது. சேர்வதற்கு 18,500 ரூபாய். கீழே ஆள் சேர்த்தால் கமிஷன்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. போனில் தொகையைப் போட்டுக்கொண்டிருந்தபோது, கை சும்மா இருக்காமல் டீப்பாயில் இருந்த அந்த டப்பாவைத் திருப்பினேன். அடியில் பெயர் வெட்டியிருந்தது. அவருடைய பெயர் இல்லை, அவர் வீட்டில் யாருடைய பெயரும் இல்லை. யாரோ ஒருத்தி கல்யாணத்துக்கு வாங்கிய டப்பா. எனக்கு முன்னால் அந்த சோபாவில் உட்கார்ந்தவள் அவள் என்று அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பின் நம்பரை அழுத்தினேன். ஏன் அழுத்தினேன் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.

ஆளை எப்படி இணங்கவைக்கிறார்கள் என்று உளவியலாளர் சியால்டினி எழுதிய புத்தகத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். 1984-ல் வந்தது. அமெரிக்க விமான நிலையங்களில் ஹரே கிருஷ்ணாக்காரர்கள் போகிறவர் கையில் முதலில் ஒரு பூவைத் திணித்துவிட்டு அப்புறம் நன்கொடை கேட்ட கதை அதில் இருக்கிறது. பூவைக் குப்பையில் போட்டுவிட்டு ஓடலாம். டப்பாவை என்ன செய்வது? அந்த அம்மா சியால்டினியைவிடக் கெட்டிக்காரி. எங்கள் மாமியார் எந்தப் புத்தகமும் படிக்காமல், "ஓசிப் பொடிக்கு ஒருநாள் பில் வரும்" என்று முதல் நாளே சொன்னார்.

நூலகப்பூனை:

என் கதை சின்னது. கல்லூரி விடுதியில் மெஸ் செயலாளர் தேர்தலுக்கு நின்றேன். மாக்கியவெல்லியின் 'இளவரசன்' புத்தகத்தில் இருந்து, அன்பைவிடப் பயம் உத்தரவாதம் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவரை மிரட்டினேன். அவர் சிரித்துவிட்டு என் தட்டில் இருந்த அப்பளத்தை எடுத்துத் தின்றார். தோற்றேன்.

ஆனால் இங்கே பலரும் படிக்க வேண்டிய விதத்தில் படிக்கவில்லை என்பதால் சில விஷயங்கள் சொல்கிறேன். முதலில், எழுதியவர் யார் என்று பாருங்கள். மாக்கியவெல்லிக்கு 1512-ல் இத்தாலியின் பிளாரன்சில் அரசாங்க வேலை போனது. அடுத்த வருஷம் சதி வழக்கில் சிறை. கையைப் பின்னால் கட்டிக் கயிற்றில் தொங்கவிட்டார்கள். வெளியே வந்து ஊருக்கு வெளியே பண்ணைவீட்டில் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் புத்தகம். தன்னைச் சிறையில் போட்ட, பிளாரன்சை ஆண்ட மெடிச்சி குடும்பத்துக்கே அதைச் சமர்ப்பணம் செய்தார், வேலை திரும்பக் கிடைக்கும் என்று. பழைய வேலை கிடைக்கவே இல்லை. 1527-ல் இறந்தார், புத்தகம் அச்சானது 1532-ல். நாம் அரச தந்திரம் என்று படிப்பது ஒரு வேலை விண்ணப்பத்தை. அதுவும் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம்.

இரண்டாவது, உதாரணக் கதைகளைச் சரிபாருங்கள். 48 விதிகளில் முதல் விதி, மேலே இருப்பவரை மிஞ்சி மின்னாதே. அதற்கு பிரான்சின் நிதிப் பொறுப்பில் இருந்த ஃபூக்கே கதை. 1661 ஆகஸ்டில் தன் புது மாளிகையில் பதினான்காம் லூயிக்குப் பிரமாண்ட விருந்து வைத்தார், மூன்று வாரத்தில் கைது, சாகும்வரை சிறை. எல்லாம் நடந்தது. ஆனால் அவரைக் கைது செய்கிற முடிவு விருந்துக்குச் சில மாதம் முன்பே எடுத்தாகிவிட்டது. கோல்பேர் என்ற இன்னொரு நிதி அதிகாரி ராஜா பக்கத்தில் இருந்துகொண்டு ஃபூக்கேயின் கணக்கையெல்லாம் தோண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு வெறும் கஞ்சி ஊற்றியிருந்தாலும் ஃபூக்கே உள்ளேதான் போயிருப்பார்.

மூன்றாவது, சாயப்பட்டறை, கார்னகி பெயரை ஞாபகம் வைத்து இயல்பாகக் கூப்பிடத்தான் சொன்னார். அந்தக் கூத்து உங்களுடையது. அவரே தன் குடும்பப் பெயரின் எழுத்தை மாற்றி, எஃகுக் கோடீஸ்வரர் கார்னகியின் பெயர் மாதிரி ஆக்கிக்கொண்டவர். பெயரை வைத்து என்ன செய்யலாம் என்று அவருக்குத் தெரியும்.

நான்காவது, குறளில் மன்னரைச் சேர்ந்தொழுகல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்று ஆரம்பிக்கும். நெருப்பில் குளிர்காய்கிற மாதிரி இரு, ரொம்பக் கிட்டவும் போகாதே, எட்டவும் நிற்காதே. மொத்தம் பத்தே குறள். ஐந்தாவது, எதைப் படித்தாலும் ஆறு மாதம் யார்மேலும் ஏவாதீர்கள். முதலில் டீக்கடையில், முடிவெட்டும் இடத்தில், பார்க்கிங்கில் என்று...

சாயப்பட்டறை:

அண்ணா, நான் எதுவும் கேட்கவில்லையே. இதற்குப் பதில் அந்த அப்பளத்தைப் பற்றி இன்னும் நாலு வரி எழுதியிருக்கலாம்.

ஈசூன்காரன்:

எனக்கு கிறிஸ் வாஸ் என்ற அந்த முன்னாள் எஃப்.பி.ஐ. பேச்சுவார்த்தைக்காரர் எழுதியது. பணயக்கைதிகளை மீட்கப் பேசியவர். எதிராளி சொன்னதில் கடைசி இரண்டு மூன்று சொற்களைக் கேள்வி மாதிரித் திருப்பிச் சொன்னால் போதும், அவரே மேலே மேலே பேசுவார் என்பார். தினமும் வேலைக்குப் போகும்போது சிங்கப்பூர் எம்ஆர்டி ரயிலில் படித்தேன்.

ஒரு ராத்திரி, பிள்ளை தூங்கியாயிற்று. மனைவி அடுப்படியில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்கு டிக்கெட் போடுறேன்னு சொல்லி நாலு மாசமாச்சு."

"நாலு மாசமாச்சு?"

"ஆமா. அம்மா தினம் கேக்குறாங்க. நான் என்ன சொல்றது?"

"என்ன சொல்றது?"

குழாயை மூடினாள். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பேச ஆரம்பித்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவள் அவ்வளவு நேரம் நிறுத்தாமல் பேசி நான் பார்த்ததில்லை. எனக்கோ தலைக்குள் ஒரே கொண்டாட்டம். வேலை செய்யுது, வேலை செய்யுது! அடுத்து எந்தச் சொல்லைப் பிடிப்பது என்று ஒவ்வொரு வாக்கியத்தின் வாலுக்காகவே காத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் "...இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல" என்று நிறுத்தினாள்.

"சொன்னதில்ல?" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

எதை யாரிடமும் சொன்னதில்லை என்று எனக்குத் தெரியாது. காதில் வால்கள் மட்டும்தான் விழுந்தன. அவளுடைய அண்ணன் பெயர் ஒருமுறை வந்தது, ஏதோ ஒரு ஆஸ்பத்திரி வந்தது, அவ்வளவுதான் ஞாபகம்.

கடைசிபெஞ்ச்:

அன்றைக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று ஒத்துக்கொண்டு போய்க் கேளுங்கள் சார். திட்டட்டும், பரவாயில்லை.

ஈசூன்காரன்:

டிக்கெட் போட்டுவிட்டேன். அதை இன்னும் கேட்கவில்லை.

ரப்பர்ஸ்டாம்ப்:

நான் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர், ரிடையர்மென்டுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. புதிதாக வந்த ஜூனியர் பையன் தினமும் பத்தேகாலுக்கு என் மேசையில் டீ வைப்பான். சர்க்கரை கம்மி. நான் சொன்னதில்லை, அவனாகக் கவனித்திருக்கிறான். ஒருநாள் அவன் டிராயரில் ஸ்டேப்ளர் தேடினேன். பேப்பர் அட்டை போட்ட புத்தகம் ஒன்று கிடைத்தது. அட்டையைப் பிரித்தால், மொட்டைமாடி சொல்கிற அதே 48.

அன்றிலிருந்து டீ தொண்டையில் நிற்கிறது. நானும் ஒரு பிரதி வாங்கி, இந்த டீ எத்தனாவது விதி என்று தேடினேன். 12 என்று நினைக்கிறேன். அளந்து காட்டும் தாராளத்தால் ஆளை நிராயுதபாணியாக்கு என்று வருகிறது. சில நாள் 43 என்று தோன்றும், மற்றவர் மனதைக் கவர் என்பது. என் பேத்திக்குக் காய்ச்சல் என்று அவன் விசாரித்த அன்று 11 என்று தோன்றியது, மற்றவர் உன்னையே சார்ந்திருக்கும்படி வைத்துக்கொள் என்பது. நேற்று அவன் லீவு. பத்தேகாலுக்கு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நூலகப்பூனை:

அவனுடைய பிரதியில் எந்த இடம் வரை படித்திருந்தான் என்று பார்த்தீர்களா? அதிலிருந்து நிறைய ஊகிக்கலாம். நான் என்ன சொல்கிறேன் என்றால்...

ரப்பர்ஸ்டாம்ப்:

பார்த்தேன் சார். அடையாளத்துக்கு ஒரு பஸ் டிக்கெட் வைத்திருந்தான், இரண்டாம் விதியில். மூன்று மாதம் கழித்து மறுபடி டிராயரைத் திறந்து பார்த்தேன். டிக்கெட் அங்கேயேதான் இருந்தது.